பத்தாவது ஆள்

ஆள் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டாலும் போட்டேன், பெரியதாழைப் பக்கமிருந்து கட்டுக்கட்டாய்க் கடிதம். பாதிப் பேர் முதலாளிகள். மீதிப் பேர் முதலாளி ஆகப் பார்க்கிறவர்கள்.

கே: கருவாடு, மீன் பேக்கிங் செய்கிறேன். ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். பத்தாவது ஆளைச் சேர்த்தால் ஈ.எஸ்.ஐ. வந்துவிடும் என்கிறார் கணக்குப்பிள்ளை. ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளவா?
– கருவாட்டு வியாபாரி, பெரியதாழை

ப: ஆர்டர் பதினைந்து ஆளுக்கு வரும். ஒன்பது பேரை வைத்து முடிக்கப் பார்ப்பீர்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எட்டாகிவிடும்.

கணக்குப்பிள்ளை சொன்னதும் பாதிதான். பத்தில் ஈ.எஸ்.ஐ.யோடு பணிக்கொடையும், பெண்களுக்கான புகார்க் குழுவும் சேர்ந்தே வரும். இருபதில் பி.எஃப்., போனஸ். ஐம்பதில் குழந்தைகள் காப்பகம். ஒப்பந்தக்காரர் அனுப்புகிற ஆட்களையும் சேர்த்துத்தான் தலையை எண்ணுவார்கள். ஒரு தரம் உள்ளே வந்தபின் ஆள் குறைந்துவிட்டது என்று வெளியே போகவும் முடியாது; கூட்டுக்குள் போன மீன் கதைதான்.

பயப்படுவதற்கு முன்னால் பென்சிலை எடுங்கள். மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ.யில் அவர் கட்டுவது 90 ரூபாய் (0.75%), நீங்கள் கட்டுவது 390 (3.25%). மீன் அறுக்கையில் கத்தி விரலில் இறங்கினால் வைத்தியமும் உண்டு, வேலைக்கு வராத நாட்களின் கூலியில் பத்தில் ஒன்பது பங்கும் உண்டு. இப்போது அந்தச் செலவு யார் தலையில்? உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது, முனகலோடு.

கே: என் பெயரில் ஒரு கம்பெனி, மனைவி பெயரில் ஒரு கம்பெனி என்று பிரித்துவிட்டால்?
– பெயர் வேண்டாம்

ப: ஒரே கூரை, ஒரே ஐஸ் பெட்டி, ஒரே தராசு. ஆய்வுக்கு வருகிறவர் போர்டைப் படிக்க மாட்டார், தராசைப் பார்ப்பார்.

கே: என்னிடம் இருப்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். மச்சானுக்குப் போய் நியமனக் கடிதம் நீட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டானா?
– ஐஸ் கம்பெனிக்காரர், மணப்பாடு

ப: கோபித்துக்கொள்வார். கொடுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் உண்டு. மச்சானுக்கு விலக்கு எழுத மறந்துவிட்டார்கள்.

மச்சான் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முத்துக்குளிக்கிற காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு கீழே இறங்குகிறவனுடைய கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். கயிற்றின் மறுமுனையில் இருப்பது கூடப்பிறந்தவளின் தாலி ஆயிற்றே! பாதுகாப்பு அதிகாரியை இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நியமித்தவர் உண்டா? ஆனால் சிப்பி கரைக்கு வந்ததும் கூறு வைத்து, சர்க்கார் பங்கு இது, குளித்தவர் பங்கு இது என்று எண்ணித்தான் பிரித்தார்கள். கயிற்றுக்கு மச்சானை நம்பியவர்கள்கூடச் சிப்பிக்கு எண்ணிக்கையைத்தான் நம்பினார்கள். தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961இல். அந்த வழக்கத்தையும் அதோடு மூட்டை கட்டிவிட்டோம் போலிருக்கிறது.

கடிதம் ஒரு பக்கம் போதும். வேலை, சம்பளம், லீவு, முக்கியமாகச் சேர்ந்த தேதி. பணிக்கொடைத் தகராறு வருவதே அந்தத் தேதியில்தான். மச்சான் "கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம்" என்பார். நீங்கள் "புயலுக்கு அப்புறம்" என்பீர்கள்.

கே: வள்ளத்துக்குப் போகிறவர்களும் என் தொழிலாளிகளா? அவர்களுக்குப் பங்குதான், சம்பளம் கிடையாது. அதேபோலக் கரையில் மீன் பிரிக்கிற பெண்களையும் பங்குதாரர் என்று எழுதிக்கொள்ளலாமா?
– வள்ளக்காரர், பெரியதாழை

ப: உங்கள் கரையில் ஒரு காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஏலம் முடிந்து ரூபாய் துண்டில் விரிந்து கிடந்தது. எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்தார்கள். வள்ளத்துக்கு, வலைக்கு, இன்ஜினுக்கு எடுத்து வைத்தார்கள். மிச்சத்தை ஆட்களுக்குப் பிரித்தார்கள். மீசை அரும்பிய பையன் ஒருவன், நூறு ரூபாய் குறைகிறது என்றான். அவ்வளவுதான், எல்லாவற்றையும் திரும்பக் கலைத்து முதலிலிருந்து எண்ணினார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பீடி பற்ற வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மீன்பாடு இல்லாத நாளில் அவனுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அதனால் அது பங்கு. காலை எட்டு மணிக்கு வா, இந்தக் கூடையைப் பிரி, சாயங்காலம் கூலியை வாங்கிக்கொள் என்றால் அது வேலை. பதிவேட்டில் எப்படி எழுதினாலும், வேலை சொன்னது யார், கூலி கொடுத்தது யார் என்றுதான் கோர்ட்டில் கேட்பார்கள். அது கிடக்கட்டும். மீன் பிரிக்கிற அக்கா ஒருவர் நூறு ரூபாய் குறைகிறது என்றால், சம்பளச் சீட்டே இல்லாத இடத்தில் நீங்கள் எதைக் கலைத்து எண்ணுவீர்கள்?

கே: ஏற்றுமதி ஆர்டர் நெருக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவை ரத்து செய்யலாமா?
– மீன் கம்பெனி மேலாளர், தூத்துக்குடி

ப: தூத்துக்குடியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வோடு ஞாயிறு விடுமுறையும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். ஞாயிறு வேலை தவிர்க்கவே முடியாது என்றால் மாற்று ஓய்வு நாள் கொடுங்கள், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி கொடுங்கள். ஆனால் பெரியதாழை ஆட்களைக் கூப்பிடாதீர்கள். அன்றைக்கு அங்கே வள்ளமே இறங்காது.

கே: பெண்கள் புகார்க் குழுவுக்கு என் மனைவியையே தலைவர் ஆக்கிவிட்டேன். சரிதானே?
– ஏற்றுமதியாளர், திருச்செந்தூர்

ப: உங்கள் மீது புகார் வந்தால் தீர்ப்பு வீட்டிலேயே கிடைக்கும், அது ஒரு வசதி. ஆனால் புகார் கொடுக்க வேண்டிய பெண் அங்கே வாயைத் திறப்பாளா? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013 சட்டப்படி தலைவர், உங்களிடம் வேலை பார்க்கும் மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஒருவர் வெளியாள். முதலாளி மீதே புகார் என்றால் உங்கள் குழுவுக்கு வேலை இல்லை, மாவட்டத்தின் உள்ளூர்க் குழு விசாரிக்கும். லோடு ஏற்ற வருகிற டிரைவர், விலை பேச வருகிற வியாபாரி மேல்கூடப் புகார் சொல்லலாம். குழுவே இல்லை என்றால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

கே: வடமாநில ஆட்கள் ஓடிவிடக் கூடாதென்று ஆதார் அட்டைகளை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறேன். தப்பா?
– செங்கல் சூளைக்காரர், சாத்தான்குளம்

ப: தப்பு. நகல் எடுத்துக்கொண்டு இன்றைக்கே அசலைக் கொடுத்துவிடுங்கள். அட்டை இல்லாமலும் ஓடுவார்கள், சம்பளம் சரியில்லை என்றால்.

கே: தூத்துக்குடியிலிருந்து ஒரு ஹெச்.ஆர். ஆலோசகர் வந்தார். மாதம் ஒரு தொகை கேட்கிறார். இவரால் என்ன லாபம்?
– கருவாட்டு வியாபாரி (மறுபடியும்)

ப: முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. அவர் வராமல் குளிக்கிறவர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். மந்திரத்தை நம்பாத வெள்ளைக்கார அதிகாரிகளும் மறுபேச்சில்லாமல் அவருக்குப் படியளந்தார்கள். உங்கள் ஆலோசகர் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பணத்தை மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வைத்து, ரசீதையும் ஆட்களிடம் காட்டுகிறவர் என்றால் கேட்டதைக் கொடுங்கள். மந்திரம் மட்டும்தான் தெரியும் என்றால், ஒரு கூடை கருவாடு கொடுத்து பஸ் ஏற்றிவிடுங்கள்.