கொசுறு எங்கே தம்பி?

வா தம்பி, திண்ணையில உக்காரு. ஓட்டப் பந்தயம் வெக்கிறியாமே, நோட்டீஸ் பார்த்தேன். பனியன் என்ன கலரு, மெடல் எவ்வளவு அகலம், ஓடி முடிச்சா இட்லியா பொங்கலா, எல்லாம் கொட்டை எழுத்துல இருக்கு. தூரத்தை மட்டும் ஓரமா எறும்பு மாதிரி ஊர விட்டிருக்கே. 21.1 கிலோமீட்டராம். அளந்தது யாரு, உன் மச்சான் பைக்கா?

கோச்சுக்காதே. நான் சின்ன வயசுல சர்வேயருக்குச் சங்கிலி இழுத்தவன். அளவுன்னா கை அரிக்கும்.

முறையா அளக்கிறவங்க சைக்கிள்லதான் அளப்பாங்களாம், பேரன் சொன்னான். முன்சக்கரத்துல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு எண்ணுற பெட்டி. இரும்பு டேப்பால அளந்த நேர் ரோட்டுல முதல்ல நாலு தரம் ஓட்டிச் சக்கரத்துக் கணக்கைப் பிடிக்கணும். வேலை முடிஞ்சதும் மறுபடி நாலு தரம். ஏன் தெரியுமா? வெயில் ஏறினா டயர் உப்பிக்கும், கணக்கு மாறிடும். வளைவுல ஓரக்கல்லுக்கு 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடுறவன் எவ்வளவு குறுக்கே போக முடியுமோ அந்தத் தடத்துலயே போகணும். இத்தனைக்கும் மேல 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் கூடச் சேர்ப்பாங்க. காய்க்காரம்மா கறிவேப்பிலை போடுதே, அந்தக் கொசுறுதான். முழு மாரத்தானுக்கு 42 மீட்டர்.

பெரிய பெரிய ஊர்க்காரனே இதுல வழுக்கியிருக்கான். 1981ல நியூயார்க் மாரத்தான்ல ஆல்பர்ட்டோ சலாசர்னு ஒருத்தர் 2 மணி 8 நிமிஷம் 13 செகண்டுல ஓடி முடிக்க, உலக சாதனைன்னு கொண்டாடினாங்க. பின்னால அளந்து பார்த்தா சுமார் 148 மீட்டர் குறையுது. சாதனை போச்சு. மான்செஸ்டர்ல 2013லருந்து மூணு வருஷம் 380 மீட்டர் குறைச்சலா ஓட விட்டிருக்காங்க. பாவம், மூச்சு வாங்கினது மட்டும் நிஜம்.

என்னது, நீயும் முறையா அளந்து சான்று வாங்கியிருக்கியா? பீரோவுல பத்திரமா இருக்கா? அடப்பாவி! முத்திரை குத்தின படியை மடியில மறைச்சுக்கிட்டு, கையால அள்ளிப் போட்டா எவன் அரிசி வாங்குவான்?

எடுத்து வெளியே போடு. யார் அளந்தாங்க, எந்தத் தேதி, சான்று நம்பர் என்ன, பாதையோட படம், எல்லாத்தையும் அந்தப் பொங்கலுக்குப் பக்கத்துலயே அச்சடி. உலக அளவுல குடுக்கிற சான்று 5 வருஷம்தான் செல்லும். நடுவுல திரும்புற இடத்தை நாலடி தள்ளி வெச்சாலும் மறுபடி அளக்கணும்.