கே.மு., கே.பி.

அந்தமான் சரித்திரத்தில் கி.மு., கி.பி. எல்லாம் செல்லாது. கே.மு., கே.பி.தான். கேபிளுக்கு முன், கேபிளுக்குப் பின்.

கே.பி. பிறந்தது 2020 ஆகஸ்ட் 10. சென்னையிலிருந்து கடலடியில் இழுத்த சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளை அன்றுதான் திறந்தார்கள். அதற்கு முன் தீவு முழுக்க செயற்கைக்கோளின் தயவில் பிழைத்தது. போர்ட் பிளேரில் ஒரு பட்டனைத் தட்டினால் அது 36,000 கிலோமீட்டர் ஏறி, அவ்வளவும் இறங்கி, பதிலும் அதே வழியில் வரவேண்டும். ஒளிக்கே அரை விநாடி பிடிக்கும். அதுகூடப் பரவாயில்லை, கணக்கில் கழித்துவிடலாம். கழிக்க முடியாதது அக்கம்பக்கம். அபர்டீன் பஜாரில் யாரோ மச்சான் கல்யாண வீடியோவை ஏற்ற ஆரம்பித்தால், இங்கே மின்னஞ்சல் முக்கும்.

கேபிள் வந்தது, பையன்கள் புரோகிராமர் ஆனார்கள், கோடைத் தானாகச் சோதிக்கும், பலரும் பகிர்ந்துகொள்ளும் சி.ஐ. சர்வரில் அதே அக்கம்பக்கக் குழியில் விழுந்தார்கள். காலையில் 40 விநாடியில் முடிந்த சோதனை மாலையில் 52. "யார் கடைசியா கோடைத் தொட்டது?" என்று விசாரணைக் கமிஷன். ஒரு தம்பி மாட்டினான், அவன் மாற்றத்தைத் திருப்பியும் எடுத்தார்கள். அவன் மாற்றியது ஒரு கமெண்ட் வரி. அதே இயந்திரத்தில் வேறு எவனோ கனமான பில்ட் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கடிகாரம் அளந்தது அவனை.

எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸைச் செய்தவர்கள் விவரமானவர்கள். கடிகாரத்தை ஓரம் கட்டிவிட்டு, கேஷ்கிரைண்ட் என்ற கருவியை வைத்து புரோகிராம் எத்தனை கட்டளைகளை ஓட்டுகிறது என்று எண்ணினார்கள். பக்கத்தில் எவன் குதித்தாலும் அந்த எண்ணிக்கை அசையாது. அதனால்தான் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்று சுரண்டிச் சுரண்டி, 2014-இல் வந்த 3.8.7 பதிப்பை 3.7.17-ஐவிட 50 சதவீதம் வேகமாக்க முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்திருந்தால் அந்தச் சுரண்டல் ஒன்றுகூடக் கண்ணில் பட்டிருக்காது.

கடிகாரம்தான் வேண்டுமென்றால் பழைய கோடையும் புதிய கோடையும் ஒரே இயந்திரத்தில் மாற்றி மாற்றி ஓட்டி, இரண்டிலும் மிகக் குறைந்த நேரத்தை ஒப்பிட வேண்டும். பக்கத்துவீட்டுக்காரன் நம்மைத் தாமதப்படுத்துவானே தவிர, ஒருநாளும் வேகப்படுத்தமாட்டான்.

இதை எங்கள் டீக்கடை அண்ணாச்சி கே.மு.விலேயே கண்டுபிடித்துவிட்டார். "எங்க நெட்டுதான் ஃபாஸ்ட்டு" என்று இரண்டு பேர் சண்டை. ஒருவர் ஊர் தூங்கும் நாலு மணிக்கு அளந்தவர், மற்றவர் பகல் பதினொன்றுக்கு. "ரெண்டு பேரும் இந்த பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காருங்க. ஆளுக்குப் பத்து தடவை, மாத்தி மாத்தி" என்றார் அண்ணாச்சி.

தடவைக்கு ஒரு டீ. இருபது டீக்குக் காசை எண்ணிக் கல்லாவில் போட்டார். யார் ஜெயித்தார்கள் என்று அவர் கேட்கவேயில்லை.