பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட ஃபைல்கள் குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பவானிபூர்வாசி ஒருவர், கொல்கத்தா.

பெறுநர்: விண்டோஸ் சமஸ்தானத்தார், மேக் சமஸ்தானத்தார், லினக்ஸ் தரப்பில் கையெழுத்துப் போட எவர் முன்வருகிறாரோ அவர்.

பொருள்: எல்லை தாண்டும் ஃபைல்களின் ஜாதகம் சிதைவது தொடர்பாக.

மகாகனம் பொருந்தியவர்களே,

அடையாளத்தை மாற்றிக்கொண்டு எல்லை தாண்டுவது எப்படி என்று எங்கள் பேட்டைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1941 ஜனவரி 16-17 இரவில் எல்ஜின் ரோடு 38/2 வீட்டிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் காரில் புறப்பட்டபோது அவர் பெயர் முகம்மது ஜியாவுதீன், தொழில் இன்சூரன்ஸ். காபூலை விட்டு பெர்லினுக்குக் கிளம்பியபோது ஒர்லாண்டோ மாசோட்டா என்ற இத்தாலியர். ஆள் ஒருவர்தான்; மேலே ஒட்டிய விவரம்தான் வேறு. அது அவரே திட்டம்போட்டுச் செய்தது. எங்கள் வீட்டுக் கல்யாண ஃபோட்டோக்கள் எந்தப் புரட்சியிலும் ஈடுபட்டவை அல்ல. ஒரு பென்டிரைவில் ஏறி அடுத்த மேசைக்குப் போகும் அவை ஏன் மாறுவேடம் போட வேண்டும் என்பதே என் கேள்வி.

ஃபைலுக்கு உள்ளே இருப்பதைக் குறை சொல்லவில்லை. அதை ஒரு பிட் பிசகாமல் கொண்டு சேர்க்கிறீர்கள். கூடவே போகும் ஜாதகம் இருக்கிறதே, பெயர், பிறந்த நேரம், உடைமையாளர், யார் யார் தொடலாம் என்ற விவரம், அதைத்தான் சுங்கச்சாவடியில் பிடுங்கிக்கொண்டு உங்கள் கையெழுத்தில் வேறொன்று எழுதித் தருகிறீர்கள்.

பிறந்த நேரத்தையே எடுத்துக்கொள்வோம். துர்கா பூஜை திதிக்கு இங்கே குப்தா பிரஸ் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், விசுத்த சித்தாந்தம் இன்னொன்று சொல்லும். தமிழ்நாட்டு வாக்கியம், திருக்கணிதம் சண்டையும் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவர்களுக்குள் வித்தியாசம் சில நாழிகை. உங்களுக்குள்ளோ நூற்றாண்டுகள்! விண்டோஸ் ஃபைல்களை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறைக்கு உலகம் 1601 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. பழைய மேக்குக்கு 1904-இல். யூனிக்ஸுக்கு 1970-இல். பென்டிரைவ்களில் இன்னும் குடியிருக்கும் ஃபேட் முறைக்கு 1980-க்கு முன் உலகமே கிடையாது. நேதாஜி புறப்பட்ட இரவை ஃபைல் தேதியாகப் பதிய அதில் இடமில்லை. தவிர, ஃபைல் திருத்தப்பட்ட நேரத்தை ஃபேட் இரண்டிரண்டு விநாடியாகத்தான் எண்ணும். ஒற்றைப்படை விநாடியில் திருத்தியது தோஷம் போலும்.

அந்த நேரமும் எந்த ஊர் நேரம் என்று ஃபேட் குறித்துக்கொள்வதில்லை. பவானிபூரில் காலை பத்து மணிக்குச் சேமித்த ஃபைல் லண்டன் போனாலும் பத்து மணி என்றே சாதிக்கும். என்டிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தில் எழுதிவைப்பதால் அங்கே குளிர்காலத்தில் நாலரை என்று காட்டும். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்தால் எது மூத்தது என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டும்.

உங்கள் சாதனைகளில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. நான்கு வருடம் முன்பு திருத்திய ஒரு ஃபைலை விண்டோஸில் பிரதி எடுத்தால், திருத்திய தேதி பழையதாகவே இருக்கும்; உருவான தேதி மட்டும் இன்றைக்கு மாறிவிடும். ஆக, அந்த ஃபைல் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பே திருத்தப்பட்டிருக்கிறது! சித்தர்களுக்கும் வாய்க்காத நிலை. லினக்ஸ்காரர்களின் பெருந்தன்மை இன்னொரு வகை. ஃபைல் பிறந்த நேரத்தை அவர்களுடைய எக்ஸ்ட்4 முறை பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்குவதற்கான ஜன்னல் 2017-இல்தான் திறந்தது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே அடிபடுபவர்கள் தமிழர்களும் வங்காளிகளும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், 'கொ' என்ற எழுத்தை வாங்கியதும் கொம்பைத் தனியாக, காலைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொள்ளும். 'பவானிபூர்' தப்பிவிடும், 'கொல்கத்தா' தப்பாது. அந்தப் பெயர் லினக்ஸுக்கு வந்தால், அங்கே ஏற்கெனவே கழற்றாத பிரதி ஒன்று இருக்கும்பட்சத்தில், ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கொல்கத்தா' நிற்கும். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கு அந்நியர்கள். மேக்கில் 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறை கொடுத்த பெயரைக் கொடுத்தபடியே வைக்கிறது, அதற்கு ஒரு கும்பிடு. நீளமும் உண்டு: எக்ஸ்ட்4-இல் பெயருக்கு 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் தின்பதால் 85 குறியோடு சரி. விண்டோஸில் நூறு குறியில் வைத்த பெயர் அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். ஆங்கிலத்தில் பெயர் வைக்கும் புண்ணியவான்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பெயர் மாறுவது எங்களுக்குப் புதிதல்ல. 1984-இல் நாட்டின் முதல் மெட்ரோ வந்து நின்ற பவானிபூர் நிலையம் இன்று நேதாஜி பவன். எல்ஜின் ரோடு, லாலா லஜபத் ராய் சரணி. எந்தப் பெயரைச் சொன்னாலும் டாக்சிக்காரர் ஒரே இடத்தில் இறக்கிவிடுவார். உங்கள் உலகத்திலேயே நேர மண்டலப் பட்டியலை வைத்திருப்பவர்கள் 'ஆசியா/கல்கத்தா'வை 'ஆசியா/கொல்கத்தா' என்று மாற்றியபோது பழைய பெயரைத் தூக்கி எறியவில்லை. அதைக் கேட்கும் கணினிக்கும் பதில் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலை நம்பும் சென்னைக் கணினியெல்லாம் எங்கள் ஊர்ப் பெயரில்தான் மணி பார்க்கிறது என்பதையும் இங்கே சற்றுப் பெருமையோடு பதிவுசெய்கிறேன்.

வழி தெரியவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. யூனிக்ஸ் வகையறாவுக்கான 2001-ஆம் ஆண்டு போசிக்ஸ் தரநிலையிலேயே பாக்ஸ் என்ற மூட்டை முறை இருக்கிறது: விநாடியின் பின்னத்தையும், நீளமான பெயரையும், அவரவர் சொந்தக் குறிப்புகளையும் தலைப்பில் எழுதி அனுப்பலாம். எக்ஸ்ஃபேட் முறையில் எந்த ஊர் நேரம் என்று எழுத ஒரு கட்டமே உண்டு. ஜிப் முறையிலும் கூடுதல் விவரத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். குறை பெட்டியில் இல்லை, வாங்கி வைப்பவரிடம். தனக்குப் புரியாத குறிப்பு வந்தால் அதை உதறிவிடுவதே அவர் கண்ட நிர்வாகம். புரியாவிட்டால் படிக்க வேண்டாம் ஐயா, அப்படியே மடித்து அடுத்தவரிடம் கொடுங்கள். தபால்காரர் கடிதம் புரிந்தா கொண்டுவந்து தருகிறார்?

எனவே, பிரதி எடுப்பதைப் பிரசவமாகப் பதியும் வழக்கத்தை நிறுத்தவும், வந்த பெயரைக் கழற்றிப் பார்க்காமல் வைக்கவும், மணி எழுதும்போது ஊரையும் சேர்த்து எழுதவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பவானிபூர்வாசி

இணைப்பு: ஜிப் ஒன்று, உள்ளே பன்னிரண்டு ஃபோட்டோக்கள். மேக்கில் கட்டிய மூட்டை என்பதால், விண்டோஸில் பிரித்தால் 'மேக்ஓஎஸ்எக்ஸ்' என்ற பெயரில் கூடுதலாக ஒரு ஃபோல்டரும், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிக்கொண்ட சில குட்டி ஃபைல்களும் தென்படலாம். அவை நான் வைத்தவை அல்ல. உங்களில் உரியவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.