சென்னிநாயகக் கசப்பின் கிரேக்க மூலம்: புதுக்கடையை முன்வைத்து ஓர் ஆய்வு

குமரி மாவட்டத்துப் புதுக்கடைப் பக்கம் நாட்டு மருந்துக்கடையில் சென்னிநாயகம் கேட்டால், "பிள்ளைக்குப் பால்குடி மறக்கதுக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுப்பார்கள். கறுத்த சிறு கட்டி. உடைந்த ஓரம் கண்ணாடிபோல மினுங்கும். தண்ணீர் தொட்டுக் கல்லில் இழைத்து அம்மை மார்பில் தடவிக்கொள்வாள். ஓடிவந்து வாய்வைத்த குழந்தை நாக்கை வெளியே நீட்டி, உலகத்தின் மீதான தன் முதல் ஐயத்தை முகத்தில் காட்டும். ஐயத்தில்தான் தத்துவம் தொடங்குகிறது. ஆகவே இக்கசப்பு கிரேக்கச் சரக்கு என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆதாரம் உண்டு. சென்னிநாயகம் கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது. கரியபோளம், மூசாம்பரம் என்றும் சொல்வார்கள். பழைய உலகில் இதற்குப் பேர்போன இடம் அரபிக்கடலின் சொகோத்ரா தீவு. இந்தியாவுக்குப் புறப்பட்ட அலெக்சாந்தருக்கு அரிஸ்டாட்டில் கடிதம் எழுதி, இந்தக் கற்றாழைக்காகவே அங்கே கிரேக்கர்களைக் குடியேற்றச் சொன்னார் என்கிறார் 10ஆம் நூற்றாண்டின் அரபு வரலாற்றாசிரியர் அல்-மசூதி. போனவர்களில் பெரும்பாலோர் அரிஸ்டாட்டிலின் ஊர்க்காரர்களாம். சொந்த ஊர்ப் பையன்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் வழக்கம் அவ்வளவு பழையது. செய்தி ஆயிரத்து இருநூறு ஆண்டு தாமதமாக வந்தது என்பதைக் குறையாகக் கொள்ளலாகாது.

6ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பயணி காஸ்மாஸ் வேறு மாதிரி சொல்கிறார்: குடியேற்றியவர்கள் எகிப்தை ஆண்ட தாலமிகள். இவர் தீவை ஒட்டிக் கப்பலில் போனாரே தவிர, இறங்கவில்லை. அங்கத்திய கிரேக்க மொழிக்காரர்களை எத்தியோப்பியாவில் கண்டு பேசினார். இறங்காமலே எழுதும் இம்முறையியலையே நானும் கைக்கொண்டிருக்கிறேன்.

இனி, காற்று கொஞ்சம் பிசகியிருந்தால்? தென்மேற்குப் பருவக்காற்றில் தீவைத் தவறவிட்ட கப்பல் மலபார்க் கரைக்குத்தான் வரும். இன்னும் தெற்கே வழுவினால் புதுக்கடைக்குப் பக்கத்துத் தேங்காப்பட்டணம். சொகோத்ராவில் திராட்சையும் இல்லை, கோதுமையும் இல்லை, முதலை உண்டு என்கிறது 1ஆம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ். இங்கேயும் திராட்சை இல்லைதான்; ஆனால் பனையின் அக்கானி உண்டு, சுண்ணாம்பு சேர்க்காமல் புளிக்கவிட்டால் அதுவே கள். கிரேக்க மதுத் தெய்வம் தியோனிசஸுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பள்ளிக்கூடத்துக்கும் குறைவில்லை. பக்கத்துப் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் கோயிலும் 95 மாணவர் படிக்கும் சாலையும் அமைத்தான். சாக்ரடீஸ் முறையைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை. "பஸ் போயாச்சா?" என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், "எந்த பஸ்?" "எங்க போணும்?" "அங்க உனக்கு என்ன சோலி?" என்று படிப்படியாக நம் அறியாமையை நமக்கே உணர்த்திவிடுவார்கள்.

ஒரு தடை உண்டு. சொகோத்ராவின் ஹோக் குகைச் சுவர்களில் பழைய மாலுமிகள் பேரெழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை பிராமி எழுத்தில். குஜராத்துப் பரூச் பக்கத்து ஆட்கள். கிரேக்கம் தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்குத்தான். எழுதச் சோம்பிய கிரேக்கர்கள் என்று நான் சமாளித்திருப்பேன். ஆனால் அடுத்த தடை எங்கள் தெருவிலிருந்தே வந்தது. கருதுகோள் முழுவதையும் பொறுமையாகக் கேட்ட பாட்டி ஒருத்தி சொன்னாள்:

"சென்னிநாயகம் கிட்டல்லன்னா வேப்பெண்ணெ போதும் மக்கா. அதும் கசக்கும்லா?"

கி.மு. 326இல் பஞ்சாப் வரை வந்த அலெக்சாந்தர், எத்தனை வேப்பமரங்களைக் கடந்து போனாரோ.