குன்றில்லாத ஊரின் மலையேறி

காஞ்சிமாநகரின் தென்மேற்கே வேகவதியாற்றைத் தாண்டினால் எதிர்ப்படும் திருப்பருத்திக்குன்றத்துக்கு அப்பெயரைச் சூட்டிய மகானுபாவர், இல்லாத பொருளுக்கெல்லாம் உரிமை கொண்டாடும் கவியுள்ளம் படைத்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். பருத்தி என்கிறது பெயர். தெருவில் நடந்தால் காதில் விழுவதோ பட்டுத்தறியின் ஓசை. குன்றம் என்கிறது பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தரை, இலைபோட்டுப் பரிமாறலாம் என்னும்படி சமதளமாகக் கிடக்கிறது. இவ்வூரில் ஒருவர் கழுத்து நோக அண்ணாந்து பார்க்க வேண்டுமானால், திரைலோக்கியநாதர் ஆலயத்தில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்து விதானத்தில் தீட்டியிருக்கும் தீர்த்தங்கரர் சரித்திரத்தைத்தான் பார்க்கலாம்.

இத்தகைய ஊரில் மலையேறி ஒருவர் உற்பத்தியாவது இயற்கை நியதி. மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு மலை என்பது ஆடு மேய்க்கும் இடம். பெயரில் மட்டும் குன்றத்தை வைத்துக்கொண்டு பிறந்தவனுக்கோ அது தீராத தாபம். சிநேகிதர் கூட்டத்துக்கு ஒருவர் வீதம் எங்கும் காணப்படும் இந்த ஜாதியில் நம்மவர் உத்தமமான மாதிரி. வயது 45, பூர்வீகத் தொழில் நெசவு. வாரம் முழுவதும் குழித்தறியில் முழங்காலுக்குக் கீழே பூமிக்குள் புதைந்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமையாவது முழு உருவமும் மேகமண்டலத்தில் தெரிய நிற்க வேண்டுமென்று ஆசைப்படுவதில் அநியாயம் ஒன்றுமில்லை. “தறி மிதிச்ச காலு தம்பி, மலையெல்லாம் இதுக்கு ஒரு மிதி” என்பது அவருடைய சித்தாந்தம்.

சென்ற மாதம் அவர் நிச்சயித்தது பர்வதமலை. போளூருக்கு அப்பால், சுமார் 4,500 அடி உயரத்தில், மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளியிருக்கும் அந்த மலைதான் மலைபடுகடாம் கூறும் நவிரமலை என்பது அறிஞர் கருத்து. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடியில் பாடிய அந்நூலை உரையோடு வாசித்து முடித்துவிட்டபடியால், மலையின் 4,500 அடியில் கணிசமான பகுதியைத் தாம் ஏற்கெனவே ஏறிவிட்டதாகவே நம்மவர் கருதினார். கூத்தர்கள் தம் இசைக்கருவிகளைப் பையில் கட்டிப் பலாக்காய்க் கொத்துப்போல் சுமந்து சென்றார்கள் என்று புலவர் சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டி, மூட்டையில்லாமல் மலையேறுவது தமிழ் மரபுக்கே விரோதம் என்றும் ஸ்தாபித்தார்.

அவருடைய மூட்டையைப் பற்றித் தனியே ஒரு காண்டம் பாடலாம். சென்னையிலிருந்து தருவித்த அறுபது லிட்டர் முதுகுப்பை அது. பையை லிட்டரில் அளப்பார்கள் என்பதை அன்றுதான் அறிந்த எங்களில் ஒருவர், “இதில் பால் ஊற்றி வைக்கலாமா அண்ணே?” என்று விநயமாகக் கேட்டதற்கு அவர் பதில் அளிக்கவில்லை. கூடாரம் ஒன்று, கைவிளக்கு மூன்று, நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று, திசைகாட்டி, ஊதினால் தலையணையாகும் ரப்பர்ப் பை, பாம்புக்கடிக்குக் கட்டுத்துணி, குளிருக்குக் கம்பளி, மழைக்குக் குடை, குடை பறந்துவிட்டால் மழைச்சட்டை, மந்தாரை இலையில் வேகவைத்த கோயில் இட்லி, புளியோதரை என ஒவ்வொன்றாக உள்ளே போயின. எதற்காக என்று எதைக் கேட்டாலும், “எதுக்கும் இருக்கட்டும் தம்பி” என்ற ஒரே மந்திரம்தான் விடை. பட்டு நிறுக்கும் தராசு தாங்காதென்று மளிகைக் கடையில் நிறுத்துப் பார்த்ததில் 17 கிலோ இருந்தது.

சனிக்கிழமை இரவு வேனில் புறப்பட்டுச் செய்யாறு, ஆரணி, போளூர் வழியாகத் தென்மாதிமங்கலத்தை அடைந்து, விடியற்காலையில் பச்சையம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். கற்படிகள் உள்ளவரை நம்மவர் சேனாதிபதியைப்போல் முன்னே சென்றார். படிகள் முடிந்து கரடுமுரடான பாதை தொடங்கிய இடத்தில், கூடாரம் என் தோளுக்கு மாறியது. அடுத்த திருப்பத்தில் கம்பளி ஒருவருக்கு. அதற்கடுத்த பாறையில் கைவிளக்குகள் மூன்றும் மூவருக்கு. குடை எவருக்கு என்று தீர்மானமாவதற்குள், இட்லிப் பொட்டலத்தை ஒரு குரங்கு தானே முன்வந்து வாங்கிக்கொண்டது. மறுத்துப் பேசிய சிறுவயதுச் சிநேகிதனிடம் அவர் தம் தொழில் தர்மத்தையே எடுத்துரைத்தார்: “கோர்வைச் சேலைக்கு மூணு நாடா, ஒத்தை ஆளு நெய்ய முடியுமா? கரை நாடா தள்ள ஒரு ஆள் வேணுமில்ல? மலையும் அப்படித்தான்.” வாதம் வலுவாக இருந்தமையால், காலிப் பையையும் அச்சிநேகிதனே வாங்கி மாட்டிக்கொள்ளும்படி ஆயிற்று.

செங்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாரைகளை அறைந்து, சங்கிலி பிடித்து ஏறும்படி அமைத்திருக்கும் கடப்பாரைப் பாதையை நாங்கள் அவருடைய உடைமைகளோடு தவழ்ந்து கடந்தோம்; அவர் வீசிய கையோடு வந்து சேர்ந்தார். உச்சியில் அவரைக் கண்டபோதுதான், பிறந்த மண்ணின் வாசனை எளிதில் போகாது என்பது எனக்கு விளங்கிற்று. பல்லவர் காலத்திலேயே பருத்திக்குன்றத்து வஜ்ரநந்தி குரவருக்கு நிலம் அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. மயிற்பீலியும் கமண்டலமும் அன்றி வேறொன்றும் தீண்டாத திகம்பர முனிவர்களுக்கு ஜினகாஞ்சியாக விளங்கிய ஊர் அது. அவர்கள் ஆயுள் முழுவதும் தவமிருந்து பெற்ற, உடைமை துறத்தலாகிய அபரிக்கிரகத்தை, நம்மவர் எங்கள் தோள்களின் உதவியால் நாலு மணி நேரத்தில் அடைந்துவிட்டார். ஆனால் துறவு நிலைக்கவில்லை. கைப்பேசியில் படம் எடுக்க ஆயத்தமானதும், “அந்தப் பையைக் கொஞ்சம் குடு தம்பி” என்று வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி நின்றார். காலிப் பை காற்றிலாடித் தொய்ந்தது. உள்ளே ரப்பர்த் தலையணையை ஊதி வைத்ததும் கம்பீரமாயிற்று. கட்டுச்சோறாக எஞ்சியிருந்த புளியோதரையை நாங்கள் அவரை வாழ்த்திக்கொண்டேதான் உண்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். தறி முன் நின்று குழியை வெகுநேரம் உற்று நோக்கிக்கொண்டிருந்தார். தொடை இரண்டும் மடங்க மறுத்தன. நானும் அவர் பிள்ளையும் ஆளுக்கொரு கை பிடித்து மெல்ல இறக்கி உட்காரவைத்தோம். 4,500 அடி ஏறி இறங்கியவர், அந்த ஒன்றரை முழக் குழிக்குள் இறங்கியபோது போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. மிதியின்மேல் காலை வைத்து ஒரு பெருமூச்சு விட்டவர், நாடாவைக் கையிலெடுத்தபடியே கேட்டார்: “வெள்ளியங்கிரிக்கு எப்ப தம்பி கிளம்பலாம்?”