ரைன் கரையில் அஸ்தினாபுரத்து அப்பா

பிராங்பர்ட்டிலோ மைன்ஸிலோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகனிடம் போய், ஷெங்கன் விசா தரும் 90 நாளுக்குள் திரும்பிவிடும் அப்பாக்கள் தாம்பரம் வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களில் அஸ்தினாபுரத்து அப்பா தனி ரகம். தொலைபேசித் துறையிலோ ரயில்வேயிலோ ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் அரை கிரவுண்டு வாங்கி, லோன் போட்டு வீடு கட்டி, அதன்பின் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தில் இறங்குவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர். இப்படிப்பட்டவரை ஒரு சனிக்கிழமை ரைன் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போகிறார்கள். ரூடஸ்ஹைமில் கப்பல் ஏறி, கோட்டைகளையும் திராட்சைச் சரிவுகளையும் பார்த்தபடி சாங்க்ட் கோவாரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் கோப்லென்ஸ் போய், இருட்டுவதற்குள் வீடு. அன்று ராத்திரி மகன் மனைவியிடம் சொல்லும் தீர்ப்பு எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "அப்பாவுக்கு ரசனையே இல்லை." அந்தத் தீர்ப்பு செல்லாது என்பது என் கட்சி. அன்றைக்கு அந்தக் கப்பலில் அந்தப் பள்ளத்தாக்கை உள்ளபடி பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

குற்றப்பத்திரிகையை முதலில் படித்துவிடலாம். டிக்கெட் விலையைக் கேட்டதும் யூரோவை ரூபாயாக்கினார். (யூரோ நூறு ரூபாயைத் தொட்டதில் அவருக்கு ஒரே லாபம், மனக்கணக்கு சுலபமாகிவிட்டது.) கழிப்பறைக்கு ஒரு யூரோ என்றதும் போகாமலே திரும்பி வந்தார். காலி தண்ணீர் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும் என்று பேரன் சொன்னதிலிருந்து, பக்கத்து பெஞ்சில் கிடக்கும் பாட்டில்கள் மீதும் ஒரு கண் வைத்திருந்தார். எல்லோரும் கோட்டையைப் படம் எடுக்கும்போது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இதைக் கட்டினவனுக்கு வருமானம் எங்கேருந்துடா வந்தது?" என்று கேட்டார். மகனுக்குப் பதில் தெரியவில்லை. கேள்வியே அபத்தம் என்று சிரித்துவிட்டான். மருமகள் சிரிக்கவில்லை, அவளுக்கு அந்த அளவு மரியாதை உண்டு.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். பிங்கன், ரூடஸ்ஹைம் தொடங்கி கோப்லென்ஸ் வரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி. அதற்குள் நாற்பது கோட்டைகள் வரை நிற்கின்றன. அழகுக்காக யாரும் நாற்பது கோட்டை கட்டமாட்டார்கள். அவற்றில் பல சுங்கச்சாவடிகள். கவுப் என்ற ஊரருகே ஆற்றின் நடுவில் கப்பல் மாதிரி நிற்கும் பால்ஸ்கிராபன்ஸ்டைன் கோட்டையை 1327 வாக்கில் எழுப்பியதே போகிற வருகிற படகுகளிடம் வசூல் பண்ணத்தான். கரைக்கும் கோட்டைக்கும் இடையே சங்கிலி கட்டி மறித்தார்கள். சாங்க்ட் கோவாருக்கு மேலே இருக்கும் ரைன்பெல்ஸ் கோட்டையை 1245இல் கட்டிய பிரபு சுங்கத்தை ஏற்றியதும், ரைன் கரை நகரங்கள் கூட்டணி சேர்ந்து 1255இல் அதை முற்றுகையிட்டன. கோட்டை விழவில்லை, வசூலும் நிற்கவில்லை. 1868இல் மான்ஹைமில் கையெழுத்தான உடன்படிக்கைதான் ரைன் படகுகளுக்குச் சுங்கம் கிடையாது என்பதை உறுதியாக்கியது. செங்கல்பட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் பரனூர் டோல்கேட்டில் வண்டியை நிறுத்தி, "இன்னும் எத்தனை வருஷத்துக்கடா வசூல் பண்ணுவாங்க?" என்று முனகுகிற மனிதருக்கு இந்த ஆற்றின் அறுநூறு வருஷ வரலாறு விளங்காமல் போகுமா? விளக்கத்தான் யாரும் முன்வரவில்லை. கப்பலின் ஒலிபெருக்கி அவரிடம் பாட்டுப்பாடும் பெண்ணைப் பற்றித்தான் சொன்னது.

அந்தப் பெண் லோரலை. சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசனுக்குப் பக்கத்தில் 132 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பாறையின் மேல் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டே பாடி, படகோட்டிகளை மயக்கிக் கவிழ்ப்பாளாம். கப்பலே மௌனமாகிற இடம் அது. அப்பா அங்கேயும், "இது எந்தக் காலத்துக் கதை?" என்றார். கேட்கிறபடி கேட்டால் பதில் சுவாரசியமானது. அவள் புராணத்துப் பெண் இல்லை. கிளெமன்ஸ் பிரென்டானோ 1801இல் எழுதிய பாட்டில் பிறந்தவள். ஹைன்ரிஹ் ஹைனே 1824இல் எழுதிய கவிதையால் உலகம் முழுக்கப் பேர் வாங்கினாள். நம் ஊர் அம்மன் கோயில் தலபுராணங்கள் பலவும் வயதில் அவளுக்குப் பாட்டி. படகுகள் கவிழ்ந்ததற்குக் காரணம் ஆறு அங்கே குறுகி, ஆழமாகி, வளைந்து, பாறைகளோடு ஓடுவதுதான். எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத வளைவு என்பதால் இன்றும் கரையில் விளக்கு சிக்னல் வைத்துத்தான் பெரிய கப்பல்களை எச்சரிக்கிறார்கள். அஸ்தினாபுரத்து அப்பா அந்தச் சிக்னலைக் கண்டுபிடித்து, அது எதற்கு மாறுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் பாறையைப் பார்க்கவில்லை என்பது உண்மை. பாறை எங்கும் போய்விடாது. சிக்னல் மாறிவிடும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், நியாயமானதே. எல்லாவற்றையும் வரவு செலவாகப் பார்ப்பவனுக்கு அழகு என்ற ஒன்று தனியாக உண்டு என்பது எப்படித் தெரியும்? பச்சைச் சரிவும் கோட்டை முனையும் மாலை வெயிலும் எதற்கும் பயன்படாமலேயே மனசை நிறைக்கக் கூடாதா? நிறைக்கட்டும். ஆனால் இந்த ஆற்றின் அழகே பாதி ஏற்பாடு என்பதை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். 1689ஐ ஒட்டிய போரில் பிரெஞ்சுப் படை இங்குள்ள கோட்டைகளில் பலவற்றை இடித்துவிட்டது. ஆங்கில ஓவியர் டர்னர் 1817இல் ஓவியத் தாள்களோடு வந்தபோது பார்த்தது பெரும்பாலும் குட்டிச்சுவர்களை. பிறகுதான் பிரஷ்ய இளவரசர்கள் இடிபாடுகளை வாங்கி, பழங்காலக் கோட்டை இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாங்கள் நினைத்தபடி கட்டினார்கள். கோப்லென்ஸ் அருகே எல்லோரும் விழுந்து விழுந்து படம் எடுக்கிற ஸ்டோல்ஸன்பெல்ஸ் 1842இல் முடிந்த வேலை. வீடு கட்டிப் பார்த்தவர் அதைப் பார்த்ததும், "பூச்சு புதுசா இருக்கே" என்றார். கலை வரலாற்றை வேறு எப்படிச் சொல்வது?

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. ஐரோப்பாவுக்குப் போயும் அவர் பார்ப்பதெல்லாம் வீட்டுப் பக்கத்துக் குரோம்பேட்டையைத்தானே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். மைன்ஸை விட்டால் கோப்லென்ஸ் வரை ஆற்றின் குறுக்கே ஒரு பாலம்கூட இல்லை, பரிசல் மாதிரிப் படகில் காரை ஏற்றிக் கடக்க வேண்டும், பாலம் கட்டுவது பற்றிப் பல பத்தாண்டுகளாகப் பேச்சு மட்டும் நடக்கிறது என்று மகன் சொன்னபோது, அன்று முழுவதும் இல்லாத ஒரு நிம்மதி அப்பாவின் முகத்தில் வந்தது. குரோம்பேட்டை ராதா நகர் சுரங்கப்பாதைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவருக்கு ஜெர்மனியும் மனிதர்கள் வாழும் நாடுதான் என்று அப்போதுதான் உறுதிப்பட்டது. ஆனால் ஊரைக் கொண்டு உலகை அளப்பது குறுகிய மனசு என்று யார் சொன்னது? கையில் ஒரு அளவுகோலும் இல்லாமல் போகிறவன் எல்லாவற்றையும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டு வருகிறான். கவுப்பில் ரைனின் நீர்மட்டத்தை அளக்கும் கம்பம் இருக்கிறது. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியபோது சரக்குக் கப்பல்கள் பாதிச் சுமைகூட ஏற்ற முடியாமல் திணறின. ஆனால் 25 என்றால் ஆற்றில் முழங்கால் தண்ணீர் என்று அர்த்தமில்லை. அது அந்தக் கம்பத்தின் கணக்கு, கப்பல் போகும் வழியில் ஆழம் அதைவிட அதிகம். இந்த வித்தியாசத்தை மகனுக்கு இரண்டு முறை விளக்க வேண்டியிருக்கும். செம்பரம்பாக்கம் ஏரியில் மொத்தம் 24 அடி, இன்றைக்கு எத்தனை அடி என்று ஐப்பசி கார்த்திகை முழுவதும் பேப்பரில் தேடிப் படிக்கிறவருக்கு ஒரு முறைகூட விளக்க வேண்டாம்.

அம்மாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலை ஐந்து மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, தயிர் சாதம் பிசைந்து, தட்டு, ஸ்பூன், டிஷ்யூ வரை பையில் அடைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டது அவர்தான். கோட்டைகள் கடந்துபோன நேரமெல்லாம் அவர் பேரனுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தார். ரசனை இல்லை என்ற புகார் அவர் மேல் வரவே இல்லை. அவர் பார்த்தாரா என்று கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா மேல் எனக்கும் ஒரு புகார் உண்டு, மகன் சொல்வது அல்ல. ரைன் கரை ஊர்களில் பழைய வீட்டுச் சுவர்களில் கோடு கிழித்து, எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை ஏறியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1993, 1995 வெள்ளங்களெல்லாம் அப்படிச் சுவரில் நிற்கின்றன. அதற்கு முன்னால் அவர் நீண்ட நேரம் நின்றார், தன் தோளுக்கு நேரே கையை வைத்து அளந்தும் பார்த்தார். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்டவர் அல்லவா? செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் எந்தத் தெருவில் தங்குகிறது என்பதும் அவருக்கு அத்துப்படி. ஆனால் சொந்த வீட்டு கேட் தூணில் அப்படி ஒரு கோடு அவர் கிழித்ததில்லை. கிழித்தால் வீட்டின் விலை போய்விடும் என்பது அவர் வாதம். ஐயா, ரைன் கரைக்காரர்களுக்கும் வீட்டு விலை உண்டு. விசா முடிந்து நீங்கள் திரும்புவது ஆகஸ்டில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபரில். ஒரு சின்ன டப்பா பெயின்ட் போதும், வாங்கி வையுங்கள்.