65,536 படி ஏறிய மாலை வானம்

கேமரா வாங்கியதிலிருந்து என் மைத்துனர் முன்னால் ‘8 பிட்’ என்று யாரும் வாய் திறக்க முடியாது. “ஒரு நிறத்துக்கு வெறும் 256 படியா மச்சான்? 16 பிட்டில் 65,536!” என்பார். போட்டோஷாப்பின் 16 பிட்டில் உண்மையில் 32,769 படிதான் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் பேசவில்லை.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384 படி இருக்கிறது. அதை 8 பிட்டுக்குச் சுருக்கிவிட்டு மாலை வானத்தை இழுத்து இழுத்துத் திருத்தினால், வானம் கோரைப்பாய் மாதிரி பட்டை பட்டையாகும். 16 பிட்டில் அந்த வம்பு குறைவு. ஆனால் 72 எம்பி பிடிக்கும் 24 மெகாபிக்சல் படம் 144 எம்பி ஆகும். ஹார்டு டிஸ்க் கடைக்காரர் வாழ்க!

அத்தோடு விட்டாரா? பத்து வருடத்து ஜேபெக் படங்களையும் 16 பிட் டிஃப்பாக மாற்றி அடுக்கினார். டம்ளர் பாலை அண்டாவில் ஊற்றினால் பால் பெருகுமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

மூன்று இரவு கண்விழித்துத் திருத்திய கல்யாணப் படத்தைக் கடைசியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஜேபெக்தான், 8 பிட்தான். விரிசல் விட்ட செல்போனில் பார்த்த அத்தை கேட்டார்: “கண்ணை மூடியிருக்கேனே, வேற படம் இல்லையா?”